தூண்டில் குண்டு வார்க்கப் போகிறீர்களா? முதலில் உலோகத்தை முடிவு செய்யுங்கள்

பாறை நிறைந்த இடங்களில் தூண்டில் போடுபவர்களுக்கு, தூண்டிலை நீருக்குள் இறக்கி நிறுத்தும் குண்டு ஒரு தீராத செலவு. முள் சிக்கினாலாவது அப்படி இப்படி இழுத்துப் பார்க்கலாம். குண்டு பாறை இடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டால் நரம்பை (தூண்டில் நூலை) அறுத்துவிட்டு அடுத்ததைக் கட்ட வேண்டியதுதான். ஒரே மாலையில் நாலைந்து போனால், 'இதை நாமே வார்த்துக்கொண்டால் என்ன?' என்று தோன்றாமல் இருக்காது. உருக்கி ஊற்றுவதில் ஒரு தனி ருசியும் இருக்கிறது. மீன் பிடிப்பதைவிட அதிலேயே அதிகம் மூழ்கிவிடுகிறவர்கள் உண்டு.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் 'எந்த அச்சு வாங்கலாம்?' என்றுதான். அடுத்த கேள்வி, 'எதில் உருக்குவது?' இரண்டுமே பின்னால் வர வேண்டியவை. உலோகம் எது என்று முடிவானால் எவ்வளவு சூடு வேண்டும் என்பது தெரிந்துவிடும். சூடு தெரிந்தால் அச்சு, பாத்திரம், எங்கே உட்கார்ந்து செய்வது, வீட்டில் யார் இருக்கும்போது செய்யக் கூடாது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வந்துவிடும். இதைத் தலைகீழாகச் செய்தால், ஆசையாக வாங்கிய சிலிகான் அச்சு காரீயத்தின் சூட்டில் கருகிப் போகும். அல்லது நல்ல விலை கொடுத்து வாங்கிய அலுமினிய அச்சுக்குள் பிஸ்மத் என்ற உலோகம் இறுகிக்கொண்டு வெளியே வர மறுக்கும்.

வார்க்கத்தான் வேண்டுமா?

ஆண்டுக்கு இருபது முப்பது குண்டுதான் தேவை என்றால் கடையில் வாங்கிவிடுங்கள். பாத்திரம், அச்சு, கையுறை, முகக்கவசம், வெப்பமானி என்று சேர்த்துப் பார்த்தால் அந்தச் செலவை ஈடுகட்டப் பல ஆண்டு ஆகும். வார்ப்பது லாபமாவது மூன்று பேருக்கு: அடிக்கடி நிறையத் தொலைப்பவர்கள், கடையில் கிடைக்காத எடையோ வடிவமோ வேண்டியவர்கள், பழைய உலோகம் சும்மா கிடைக்க வழியுள்ளவர்கள். நாலாவதாக, அந்த வேலையே பிடித்துப்போனவர்கள். இவர்களுக்கு லாபக் கணக்கு தேவையில்லை.

செலவைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால் வேறு குறுக்கு வழியும் இருக்கிறது. பழைய நட்டு, போல்ட், தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக், கட்டுக்கம்பித் துண்டு எல்லாவற்றையும் மக்கள் குண்டாகக் கட்டிப் போடுகிறார்கள். இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.9 கிராம், காரீயம் 11.3. அதாவது அதே எடைக்கு இரும்பு ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான இடத்தை அடைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். போல்ட்டின் தலையும் மரையும் பாறையில் எளிதில் மாட்டும் என்பதுதான் அதில் உண்மையான குறை.

எடைக் கணக்கு கொஞ்சம்

எல்லோரும் காரீயத்துக்குப் போவதற்கு அதன் அடர்த்தியைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 50 கிராம் உருண்டைக் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காரீயத்தில் அதன் விட்டம் சுமார் 20 மில்லிமீட்டர். பிஸ்மத்தில் 21. வெள்ளீயத்தில் சுமார் 23.5. கையில் வைத்துப் பார்த்தால் மூன்று மில்லிமீட்டர் சொச்சம் பெரிசு, அவ்வளவே.

நீருக்குள் போனதும் எந்தப் பொருளும் தான் இடம்பெயர்த்த நீரின் எடையை இழக்கும். அந்த 50 கிராம் காரீயக் குண்டு நல்ல தண்ணீரில் சுமார் 45.6 கிராமாக நிற்கும். வெள்ளீயக் குண்டு 43.2 கிராமாக நிற்கும். காரீயத்துக்குச் சமமாக வேண்டும் என்றால் வெள்ளீயத்தை 53 கிராமாக வார்த்தால் போதும். ஒரு கூழாங்கல்லோ ஏறத்தாழ 31 கிராமாகக் குறைந்துவிடும், விட்டமும் 33 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதனால்தான் கல் கட்டிப் போட்டால் நீரோட்டத்தில் உருண்டுகொண்டே போகிறது.

ஆக, குளத்திலோ மெதுவாக ஓடும் ஆற்றிலோ 10, 20 கிராம் குண்டு போடுபவருக்குக் காரீயத்தை விடுவதால் பெரிய நஷ்டம் கிடையாது. கடலில் வேகமான நீரோட்டத்தில் 150 கிராமுக்கு மேல் போடுபவருக்கு வித்தியாசம் தெரியும். வெள்ளீயக் குண்டின் முகப்புப் பரப்பு காரீயத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நீர் அதைத் தள்ளுவதும் அந்த அளவுக்குக் கூடும். வீசும்போது காற்றும் அப்படியே பிடிக்கும்.

காரீயம்

327 டிகிரி செல்சியஸில் உருகும். ஊற்றுவதற்கு 350 முதல் 400 வரை போதும். விலை மலிவு, பழைய உலோகமாக எளிதில் கிடைக்கும், அச்சின் மூலை முடுக்கெல்லாம் நன்றாக நிரம்பும், வார்த்த பிறகும் மென்மையாக இருப்பதால் நரம்பில் வைத்துப் பல்லில்லாத குறட்டால் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். (பல்லால் கடித்து அழுத்தும் பழக்கம் உள்ளவர்கள் இன்றே விட்டுவிடுங்கள்.) வேலைக்கு இதைவிடச் சுலபமான உலோகம் இல்லை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் அது நஞ்சு. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உடம்புக்குள் போனால் எலும்பில் தங்கிப் பல பத்தாண்டுகள் இருக்கும். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகளிடமிருந்து கருவுக்கும் போகும். பலரும் புகையை மட்டும் நினைத்துப் பயப்படுகிறார்கள். 400 டிகிரியைத் தாண்டாமல் திறந்தவெளியில் உருக்கினால் எழும் ஆவி குறைவுதான். பொழுதுபோக்காக வார்ப்பவரின் உடம்புக்குள் காரீயம் நுழையும் பெரிய வாசல் தூசுதான். உருகிய காரீயத்தின் மேல் படியும் சாம்பல் நிறக் கசடு மாவு போல நுண்ணியது. அது விரலில் ஒட்டும், விரல் உதட்டுக்குப் போகும், சட்டையில் படிந்து சோபாவுக்கு வரும், செருப்போடு அறைக்குள் வரும். அங்கே தவழ்கிற குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, பறவைகள். அன்னம், நீர்ப்பறவைகள் பலவும் இரைப்பையில் உணவை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். கல்லோடு கல்லாகத் தொலைந்த குண்டும் உள்ளே போய்விடும். முக்குளிப்பான் வகையைப் போன்ற லூன் பறவையைக் கொல்ல ஒரே ஒரு குண்டு போதும். பிரிட்டனில் அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் 1987 முதல் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான காரீயக் குண்டுகளின் விற்பனைக்குத் தடை வந்தது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைவான காரீயக் குண்டுகளை 1997-இல் தடை செய்தார்கள். இரண்டு சட்டமும் குறிவைப்பது சிறிய குண்டுகளை. பறவை விழுங்கக்கூடிய அளவு அதுதானே. உங்கள் நீர்நிலையில் என்ன விதி என்று பார்த்துவிட்டு உருக்க உட்காருங்கள்.

பழைய காரீயத்தில் எது நல்லது என்பதும் இங்கே சொல்ல வேண்டியது. கூரைத் தகடு, பழைய குழாய் இவை கிட்டத்தட்டச் சுத்தக் காரீயம், குண்டுக்கு அருமை. வண்டிச் சக்கரத்தில் சமநிலைக்கு ஒட்டும் எடைகளில் கொஞ்சம் ஆண்டிமனி என்ற தனிமம் கலந்திருக்கும். கொஞ்சம் கடினம், ஆனால் அச்சில் கூர்மையாக நிரம்பும். சிக்கல் என்னவென்றால், இப்போது அவற்றோடு இரும்பாலும் துத்தநாகத்தாலும் செய்த எடைகளும் கலந்துவருகின்றன. இரும்பு உருகாமல் மேலே மிதக்கும், அள்ளிப் போட்டுவிடலாம். துத்தநாகம் 419 டிகிரியில் உருகிக் கலந்துவிட்டால் முழுச் சட்டியும் கஞ்சி போலத் திரிந்து, அச்சில் நிரம்பாது. வெட்டுக் குறட்டால் ஓரத்தை நறுக்கிப் பார்த்தால் காரீயம் வழுக்கிக்கொண்டு வெட்டுப்படும். துத்தநாகம் இடம் கொடுக்காது. சூட்டை 400-க்குக் கீழே வைத்திருந்தாலும் தவறி வந்த துத்தநாகம் உருகாமல் மிதப்பது தெரிந்துவிடும்.

பேட்டரியை மட்டும் தொடாதீர்கள். 'அதில் கிலோ கணக்கில் காரீயம் இருக்கிறதே' என்று யாராவது சொல்வார்கள். அதில் கந்தக அமிலமும் இருக்கிறது, தகட்டில் ஆண்டிமனி, ஆர்செனிக், கால்சியம் எல்லாம் இருக்கலாம், அந்தக் கசடில் ஈரம் பட்டால் கொடிய நச்சு வாயு கிளம்பும். வீட்டில் செய்கிற வேலையே இல்லை.

வெள்ளீயம்

232 டிகிரியில் உருகும். 270, 280-இல் ஊற்றலாம். காரீயத்தைப் போன்ற நஞ்சு கிடையாது, பளபளவென்று வரும், மென்மையானது என்பதால் பிளவுக்குள் நரம்பை வைத்து அழுத்தும் பிளவுக் குண்டும் இதில் செய்யலாம். குறை ஒன்றே ஒன்று, அது பெரிய குறை: விலை. எடைக்கு எடை காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். 5 கிராம் குண்டுக்கு அது பெரிதாகத் தெரியாது. 150 கிராம் குண்டைப் பாறையில் விட்டுவிட்டு வரும்போது நன்றாகவே தெரியும்.

மின்னணு வேலைக்கான காரீயமற்ற சால்டர் கம்பி பெரும்பாலும் வெள்ளீயம்தான்; 99.3 சதவீத வெள்ளீயமும் மீதி செம்பும் உள்ள வகை 227 டிகிரியில் உருகும். கம்பியாக வாங்கினால் விலை இன்னும் கூடுதல், உள்ளே பற்றவைக்க உதவும் பசை வேறு இருக்கும். கட்டியாகக் கிடைத்தால் நல்லது. பழைய பியூட்டர் (வெள்ளீயக் கலவை) கோப்பை, தட்டு கிடைத்தாலும் பயன்படுத்தலாம். ஆனால் பழங்காலப் பியூட்டரில் காரீயம் இருந்திருக்கும் என்பதால் அதைக் காரீயமாகவே பாவிக்க வேண்டும்.

பிஸ்மத், பிஸ்மத்–வெள்ளீயக் கலவை

அடர்த்தி 9.8. காரீயத்துக்கு மிக அருகில் வருகிற, வீட்டில் உருக்கக்கூடிய, நஞ்சு குறைந்த உலோகம் இதுதான். வயிற்றுக் கோளாறு மருந்துகளில் பிஸ்மத் உப்பு சேர்க்கிறார்கள் என்பதிலிருந்தே அதன் குணம் தெரியும். 271 டிகிரியில் உருகும்.

இதன் தொல்லை வேறு மாதிரி. உலோகங்கள் பெரும்பாலும் உறையும்போது சுருங்கும். பிஸ்மத் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் விரியும். திடமான உலோக அச்சில் ஊற்றினால் விரிந்து இறுகிக்கொள்ளும். வெளியே எடுக்கத் தட்டினால் குண்டு உடையும், ஏனென்றால் அது நொறுங்கும் குணம் உடையது. பிளவுக் குண்டு செய்து குறட்டால் அழுத்தினால் இரண்டாகப் போய்விடும். பாறையில் அடிபட்டாலும் அப்படித்தான்.

58 பங்கு பிஸ்மத்தும் 42 பங்கு வெள்ளீயமும் சேர்த்தால் கதையே மாறுகிறது. 138 டிகிரியில் உருகிவிடும்! விரிவும் சுருக்கமும் ஏறத்தாழ ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அடர்த்தி 8.6 அளவில் நிற்கும், அதாவது இரும்பைவிடக் கனம். வெறும் பிஸ்மத்தை விட உடைவது குறைவு, ஆனாலும் அழுத்திப் பொருத்தும் குண்டுக்கு ஆகாது. துளையுள்ள குண்டு, வளையம் வைத்த குண்டு இவற்றுக்கு ஏற்றது. முதல்முறை செய்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். சூடு குறைவாக இருப்பதால் சிலிகான் அச்சு தாங்கும், ஊற்றுவது கைக்குப் பழகும், தவறு நடந்தாலும் 400 டிகிரியின் தண்டனை கிடைக்காது. வெந்துபோகும்தான், விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: குறைந்த சூட்டில் உருகும் கலவைகள் என்ற பெயரில் நஞ்சான காட்மியமும் காரீயமும் சேர்ந்தவையும் விற்கின்றன. வெந்நீரிலேயே உருகும் என்று விளம்பரம் செய்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

துத்தநாகம், டங்ஸ்டன் இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துத்தநாகம் மலிவு, ஆனால் 419 டிகிரிக்கு மேல் போக வேண்டும், அடர்த்தி 7.1 மட்டுமே, அதிகமாகச் சூடேற்றினால் எழும் வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். டங்ஸ்டன் காரீயத்தைப் போல 1.7 மடங்கு அடர்த்தி, 19.3, உருகுவதோ 3,400 டிகிரிக்கு மேல். அதைக் கடையில்தான் வாங்க முடியும்.

அச்சு

அலுமினிய அச்சு சீக்கிரம் சூடாகும், கனம் குறைவு, துரு பிடிக்காது. காரீயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் தொடங்குபவருக்கு இதுவே போதும். வார்ப்பிரும்பு அச்சு தலைமுறைக்கு நிற்கும், ஆனால் சூடாக நேரம் எடுக்கும், எண்ணெய் தடவாமல் வைத்தால் துருவேறும், அரை மணி நேரம் பிடித்து வேலை செய்தால் மணிக்கட்டு வலிக்கும். எந்த உலோக அச்சானாலும் குளிர்ந்த அச்சில் நேராக ஊற்றினால் குண்டு சுருக்கம் சுருக்கமாக வரும். முதல் சில வார்ப்புகள் அச்சைச் சூடாக்குவதற்கே போகும். அவற்றைத் திரும்பச் சட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

சிலிகான் அச்சு நமக்கு வேண்டிய வடிவத்தை நாமே செய்துகொள்ள உதவும். வாங்கும் முன் அது எத்தனை டிகிரி தாங்கும் என்று அட்டையில் பாருங்கள். உலோகம் வார்ப்பதற்கென்று விற்கும் வகையும் 250, 300 டிகிரி அளவோடு பொதுவாக நின்றுவிடும். பிஸ்மத்–வெள்ளீயக் கலவைக்கு நிம்மதியாகத் தாங்கும், 300 டிகிரி வகை என்றால் வெள்ளீயத்துக்கும் தாங்கும். காரீயத்துக்கு வேண்டாம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சைப் பற்றித்தான் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். மலிவு, செய்வது எளிது என்பதால் எல்லோருடைய கையும் முதலில் அதற்குத்தான் போகும். உறைந்த பிளாஸ்டர் என்பது ஜிப்சம். அதன் எடையில் 21 சதவீதம் வேதிப் பிணைப்பில் உள்ள நீர். வாரக்கணக்கில் வெயிலில் காய வைத்தாலும் அந்த நீர் போகாது. 350 டிகிரி காரீயத்தை ஊற்றியதும் அது ஆவியாகிக் கிளம்பும். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். மேலே இருக்கும் உருகிய உலோகத்தை முகத்தில் அடிக்கும். அடுப்பில் மணிக்கணக்கில் சுட்டு அந்த நீரை ஓட்டிய பிறகு சிலர் ஊற்றுகிறார்கள். சுட்ட பிறகு அது பொடிந்துபோகும் அளவுக்கு வலுவிழந்திருக்கும். காரீயத்துக்கு இந்த வழியே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. ஈர மணலில் குழி பறித்து ஊற்றும் பழைய முறைக்கும் இதே பதில்.

அச்சே வாங்காமல் ஒன்றிரண்டு செய்துபார்க்க வேண்டும் என்றால் பழைய எஃகுக் கரண்டி ஒன்றே போதும். கரண்டியின் குழியில் ஊற்றி, ஆறியதும் கவிழ்த்து, இரண்டு முனையிலும் துளை போட்டால் தட்டையான குண்டு கிடைக்கும். பார்க்க அழகு இல்லை. ஆனால் தரையில் உருளாது, மணற்பாங்கான இடத்துக்கு நன்றாக இருக்கும்.

எதில் உருக்குவது?

கனமான எஃகு அல்லது வார்ப்பிரும்புச் சட்டியும், மின் அடுப்போ எரிவாயு அடுப்போ ஒன்றும், ஒரு கரண்டியும் இருந்தால் போதும். அலுமினியப் பாத்திரம் கூடாது. நேரடிச் சுடரில் அது பலவீனமாகி அடி விட்டுவிடக்கூடும், உள்ளே நாலு கிலோ உருகிய உலோகம் இருக்கும்போது அது நடக்கக் கூடாது. இந்தப் பாத்திரம், கரண்டி எதுவும் திரும்பச் சமையலறைக்குள் போகக் கூடாது, உருக்கியது வெள்ளீயமாக இருந்தாலும்.

காரீயத்துக்கென்றே விற்கும் மின்சட்டிகளில் இரண்டு வகை. ஒன்று வெறும் சட்டி. கரண்டியால் அள்ள வேண்டும். மற்றது அடியில் குழாய் வைத்தது. நெம்பினால் நேராக அச்சுக்குள் ஊற்றும். அடிக்குழாய்ச் சட்டி வேகமானது, மேலே மிதக்கும் கசடு அச்சுக்குள் வராது. ஆனால் குழாயில் துணுக்கு அடைத்துச் சொட்டிக்கொண்டே இருக்கும். அதை ஊசியால் குத்திக்கொண்டே வேலை பார்ப்பது எரிச்சல். நூற்றுக்கணக்கில் வார்க்காதவருக்குக் கரண்டியே மேல். பெரிய குண்டை ஒரே மூச்சில் நிரப்பும் அளவுக்குக் கரண்டி பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு தவணையாக ஊற்றினால் நடுவில் ஒட்டாத கோடு விழும்.

சட்டியில் உள்ள திருகு காட்டும் எண்ணை நம்ப முடியாது. தொடாமல் தள்ளிப் பிடித்துப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான உலோகப் பரப்பில் தவறான அளவு காட்டும். உள்ளே நுழைக்கிற கம்பி வெப்பமானிதான் சரி.

ஊற்றும்போது

அச்சின் வாயில் கொஞ்சம் பொங்கி நிற்கும்படி ஊற்ற வேண்டும். உள்ளே உலோகம் சுருங்கும்போது மேலே இருக்கும் அந்தக் குட்டிக் குளத்திலிருந்துதான் இழுத்துக்கொள்ளும். அது இல்லையென்றால் குண்டின் தலையில் குழி விழும். அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் கண்ணாடி போல மின்னும். அப்புறம் நடுவில் லேசாக ஒரு பள்ளம் இறங்கும், பளபளப்பு சட்டென்று மங்கும். அதற்குப் பிறகும் சில வினாடி பொறுத்துத்தான் அச்சைத் திறக்க வேண்டும். பெரிய குண்டென்றால் இன்னும் அதிகம். குண்டின் மேல் பனி படிந்தது போல வெளிறிய பூச்சு தெரிந்தால் சூடு அதிகம். சுருக்கமும் மடிப்பும் தெரிந்தால் உலோகமோ அச்சோ போதுமான சூட்டில் இல்லை. உலோக அச்சில் ஒட்டாமல் வர, தொடங்கும் முன் மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உள்ளே கரி பிடிக்கவைப்பது போதும்.

வளையத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோ பித்தளைக் கம்பியோ வையுங்கள். கம்பியும் காய்ந்து, சூடாக இருக்க வேண்டும்.

காரீயமோ வெள்ளீயமோ, ஈரம்தான் முதல் எதிரி. உருகிய உலோகத்தின் மேல் ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் மேலேயே குதித்து ஆவியாகிப் போய்விடும். அதே சொட்டு உலோகத்துக்கு அடியில் மாட்டினால்தான் வெடிக்கும். அதனால் உருகி நிற்கும் சட்டியில் புதிதாகப் பழைய உலோகத் துண்டுகளைப் போடவே கூடாது. அவற்றின் மடிப்புக்குள் ஈரம் இருக்கும். குளிர்ந்த சட்டியில் போட்டு எல்லாம் சேர்ந்தே சூடாகட்டும். வெறும் சிமெண்டுத் தரையில் சிந்தினாலும் தரைக்குள் உள்ள ஈரம் ஆவியாகிச் சில்லுத் தெறிக்கும். கீழே உலர்ந்த இரும்புத் தட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, முகம் முழுவதும் மறைக்கும் கவசம், தோல் காலணி. கால்சட்டையின் ஓரம் காலணிக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் சிந்தியது நேராகக் காலுக்குள் போகும். நைலான், பாலியஸ்டர் உடை கூடாது. உருகித் தோலோடு ஒட்டிவிடும். காற்று பக்கவாட்டில் வீசும்படி உட்காருங்கள். முதுகுப்பக்கம் இருந்து வீசினால் நம் உடம்பே தடுத்து, முன்னால் சுழன்று புகை முகத்துக்கே திரும்பும்.

காரீயமென்றால் இன்னும் சில. வேலை முடிந்து கையை நன்றாகக் கழுவும்வரை தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். இடத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தொடர்ந்து செய்வதாக இருந்தால் தொடங்கும் முன் ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் இரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

யாருக்கு எது?

வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்து, தனியாகப் பூட்டிவைக்கும்படி வெளியிடம் இல்லையென்றால் காரீயத்தை மறந்துவிடுங்கள். அங்கே பிஸ்மத்–வெள்ளீயக் கலவையும் ஒரு சிலிகான் அச்சும் ஒரு சின்ன மின் அடுப்பும் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் காரீயம் உருக்குவதை எந்த முன்னெச்சரிக்கையும் நியாயப்படுத்தாது. மேல்வீட்டுச் சன்னல் ஒன்று எப்போதும் திறந்திருக்கும்.

நன்னீரில் 30 கிராமுக்குக் கீழே மட்டும் பயன்படுத்துபவருக்கும் காரீயம் தேவையில்லை. பிளவுக் குண்டுக்கு வெள்ளீயம், மற்றதுக்குக் கலவை. சிறிய எடை என்பதால் செலவு கைக்குள் நிற்கும், பறவைகளும் தப்பும்.

கடலில், 100 கிராமுக்கு மேல், அடிக்கடி தொலைப்பவர், சட்டமும் இடம் கொடுக்கிறது, வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு கொட்டகையும் இருக்கிறது என்றால் காரீயம்தான் கட்டுப்படியாகும். அவருக்கு எஃகுச் சட்டி, கரண்டி, இரண்டு குழியுள்ள அலுமினிய அச்சு, கம்பி வெப்பமானி. மின்சட்டியை முதல் பருவம் முடிந்த பிறகு யோசிக்கலாம். வார்த்த குண்டுகளுக்கு மேல்பூச்சு அடித்துவிட்டால் கையில் கறை படிவதும் குறையும்.

உலோகங்களைக் கலந்து வைத்துக்கொள்ளாமல் இருப்பது மட்டும் எல்லோருக்கும் பொது. ஆறிய பிறகு எல்லாக் கட்டியும் ஒரே வெள்ளி நிறம்தான். ஒரு மாதம் கழித்து எது காரீயம், எது கலவை என்று கண்ணால் சொல்வது கடினம். கட்டியாக ஊற்றி வைக்கும்போதே ஆணியால் மேலே எழுதி, தனித்தனி டப்பாவில் போடுங்கள். காரீயக் கசடை மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து வைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்திலோ காரீயம் எடுக்கும் பழைய உலோகக் கடையிலோ கொடுத்துவிடலாம். குப்பைத் தொட்டிக்கும் தோட்டத்து மண்ணுக்கும் அது போகக் கூடாது.